பத்தேகாலுக்கும் நாலு மணிக்கும் நடுவில்

மார்ச் 10, திங்கள்

கார்னிவல் முடிந்து முதல் வகுப்பு. எனக்கு இந்த அரையாண்டு நான்காவது குழு. ஒன்பது பேர், ஒரு வட்ட மேசை, ஒரு வெள்ளைப் பலகை. பாதிப் பேருக்கு இன்னும் கண்ணிமையில் ஜிகினாத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர்கள் டாக்டர் ஆகப்போகிறவர்கள்.

வழக்கம்போல முதல் நாள் திகைப்பு. தாளில் ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். அவர்களே பேசி, அவர்களே கேள்வியை வரையறுத்து, அவர்களே போய்ப் படித்துவிட்டு வியாழக்கிழமை திரும்பி வந்து விடை சொல்லவேண்டும். நான் பாடம் நடத்தமாட்டேன். பதினோரு வருடமாக எனக்குச் சம்பளம் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான்.

அடெயில்டன் என்றொருவன். அப்பா பெரிய எலும்பு டாக்டராம், அது அவன் உட்காரும் விதத்திலேயே தெரிகிறது. "டீச்சர், நான் சொன்னது சரியா தப்பா, அதையாவது சொல்லுங்க" என்றான்.

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் என்ன நினைக்கிறேன்னு எனக்கே தெரிஞ்சிருந்தா உங்கள ஏன் கேக்கறேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

என் குழுவின் ஒரே சட்டத்தையும் சொல்லிவிட்டேன். இந்த மேசையில் 'விரோசி' என்ற வார்த்தை கூடாது. நம் ஊர் சுகாதார நிலையங்களில் எந்தக் காய்ச்சலுக்கும், எந்த வாந்திக்கும் டாக்டர் தலைநிமிராமல் சொல்லும் வார்த்தை அது. ஏதோ வைரஸ், தானாகப் போய்விடும், அடுத்த ஆள் வரலாம் என்று அர்த்தம். யோசிக்க விரும்பாதவர்களின் வார்த்தை. சொன்னவர்கள் அடுத்த வகுப்புக்கு எல்லாருக்கும் கேக் கொண்டுவரவேண்டும்.

சட்டம் போட்டவள் யோக்கியதை எனக்கல்லவா தெரியும்.

மார்ச் 17, திங்கள்

முதல் அபராதம் அடெயில்டனுக்கு. அவன் அம்மா செய்துகொடுத்த மரவள்ளிக்கிழங்கு கேக் அருமை. மறுபடி சொல்லு என்று எல்லாரும் கெஞ்சினார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

ரெசிஃபிலிருந்து ஜுசாரா பேசினாள். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குப் பேசுவாள், ஐந்து நிமிடம். "மழை பெய்யுதா?" "இல்ல. ரெசிஃபில?" "இங்க தெருவெல்லாம் தண்ணி." அவ்வளவுதான். என் கணவன் ஜெனிவால் போய்ச்சேர்ந்ததிலிருந்து என் மகளும் நானும் வானிலை அறிக்கை வாசிக்கிறோம்.

அப்போதெல்லாம் அவள் அப்பாவோடு பேசினால் ஒரு மணி நேரம் ஆகும். காதில் வைத்துக்கொண்டே வண்டிக்குக் காற்று அடிப்பான், கோழிக்குத் தீனி போடுவான். எனக்குக் கொடு என்றால், "உங்கம்மா கேள்வி கேட்டே கொன்னுடுவா, நான் அப்புறம் சொல்லிக்கறேன்" என்று வைத்துவிடுவான்.

ஏப்ரல் 10, வியாழன்

ஒருங்கிணைப்பாளர் ஓஸ்மார் என்னைக் கூப்பிட்டார். போன வருடம் வந்தவர், நல்ல மனிதர், எதையும் பட்டியல் போட்டு வைத்திருப்பார். "நெய்டி, டெங்குத் தாள் நாலு வருஷமா அதேதான் ஓடுது. சீனியருங்க விடையை வாட்ஸாப்புல அனுப்பிடறாங்க. நீங்க இருபது வருஷம் சுகாதார நிலையத்துல இருந்தவங்க. நெஜமா நடந்த ஒண்ண எழுதிக் குடுங்களேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. வீட்டுக்கு வந்தபிறகுதான் என்ன ஒப்புக்கொண்டேன் என்று உறைத்தது. நெஜமா நடந்த ஒன்று என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

எழுதிவிட்டேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

'ஜே., 56 வயது, தண்ணீர் லாரி ஓட்டுநர். திங்கட்கிழமை முதல் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. மனைவி சுகாதாரத் துறையில் பணிபுரிபவர். நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் முழுதும் விட்டுவிடுகிறது. ஜே. எழுந்து குளிக்கிறார், ஜூன் திருவிழாவுக்கு வாசலில் தீ மூட்ட விறகு பிளக்கிறார். காலை பத்து மணியளவில் கடுமையான வயிற்றுவலி. மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பும் மனைவி, அவரைக் கை கால் சில்லிட்டு, வியர்த்து, எழுந்து நிற்க முடியாத நிலையில் காண்கிறார். நகர மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறக்கிறார்.'

பள்ளிப் பேருந்தைத் தண்ணீர் லாரி ஆக்கிவிட்டேன். ஜெனிவாலுக்குப் பிடித்திருக்காது. பேருந்துப் பிள்ளைகள் ஐம்பத்திரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன்.

இந்தப் படிப்பில் இரண்டு வகைத் தாள் உண்டு. மாணவர் தாள் ஒன்று. ஆசிரியர் தாள் ஒன்று, அதில் விடை இருக்கும். ஆசிரியர் தாளில் எழுதினேன்: டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்தான நாள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிற்றுவலி எச்சரிக்கை.

எழுதும்போது ஒரு எழுத்துப் பிழைகூட விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

ஒரு வரியை விட்டுவிட்டேன். அதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

மே 8, வியாழன்

இவர்கள் தேறிவருகிறார்கள். மார்ச்சில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், இப்போது "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று சண்டையில்லாமல் கேட்கிறார்கள். அதைத்தான் கற்றுக்கொடுக்க நினைத்தேன், ஒரு சொல்கூடச் சொல்லாமல்.

எடிவானியாதான் இன்னும் வாய் திறப்பதில்லை. முப்பத்துமூன்று வயது, மற்றவர்கள் அக்கா என்கிறார்கள். பக்கத்து வட்டாரத்தில் ஒன்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு பார்க்கும் சுகாதாரப் பணியாளராக இருந்துவிட்டு டாக்டருக்குப் படிக்க வந்தவள். பேசாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று சொன்னேன். "பேச வேண்டியது வந்தா பேசறேன் டீச்சர்" என்றாள்.

மே 26, திங்கள்

இன்று என் தாளைத் திறந்தார்கள்.

அடெயில்டன் சத்தமாக வாசித்தான். 'ஜே., 56 வயது.' பீட்சாவுக்கு ஆர்டர் கொடுக்கிற குரல். எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு வருடமாக எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள் — கல்லறையில், கடையில், பக்கத்து வீட்டில். "விதி, நெய்டி." "உன் கையில என்ன இருக்கு, நெய்டி." யாரும் யோசித்துச் சொன்னதில்லை. ஒருவராவது யோசித்துச் சொல்லவேண்டும் என்றுதான் இந்தத் தாளையே எழுதினேன் போலிருக்கிறது. அவனைக் காப்பாற்றியிருக்க முடியுமா, முடியாதா? எனக்குப் பதில் தெரியும். ஆனால் என்னைத் தெரியாத ஒருவர் வாயிலிருந்து வேண்டும்.

டெங்கு என்று பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு ஏன் மோசமாகவேண்டும் என்பதைக் கேள்வியாக்கினார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது எடிவானியா வாய் திறந்தாள். "இந்தத் தாள்ல ஒரு ஓட்டை இருக்கு."

"எங்கக்கா?"

"பத்து மணிக்கு வயிறு வலிக்குது. நாலு மணிக்கு பொண்டாட்டி வந்து பாக்கறா. நடுவுல ஆறு மணி நேரம் எங்க போச்சு? நான் ஒம்பது வருஷம் வீடு வீடா ஏறி எறங்கினவ. வயித்து வலி வந்த ஆம்பளை ஆறு மணி நேரம் சும்மா கெடக்க மாட்டான். ஊரையே கூப்பிடுவான். பொண்டாட்டி சுகாதாரத்துல வேலை பாக்கறவ வேற. அவளத்தான் மொதல்ல கூப்பிடுவான்."

அடெயில்டன் தோளைக் குலுக்கினான். "கூப்பிட்டிருப்பான், அவ எடுத்திருக்க மாட்டா."

"எடுக்கலன்னா எழுதியிருப்பாங்கடா. போன் எடுக்காததுல என்ன வெக்கம்? எடுத்திருக்கா. எடுத்து என்னமோ சொல்லியிருக்கா. அதத்தான் எழுத முடியல."

பலகையில் எழுதிக்கொண்டிருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இத கேள்வியா எழுதலாமா டீச்சர்?"

நான் சொல்லவேண்டிய வாக்கியம் தயாராக இருக்கிறது, பதினோரு வருடமாக. 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' அது வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

எழுதினாள்: பத்துக்கும் நாலுக்கும் நடுவில் என்ன நடந்தது? யாரிடம் கேட்பது?

மே 29, வியாழன்

திரும்பி வந்தார்கள், படித்துவிட்டு. பேசியதில் பாதி என் காதில் ஏறவில்லை. கடைசியில் அடெயில்டன்தான் தொகுத்துச் சொன்னான்: "பத்து மணிக்கே கூட்டிட்டுப் போயி சலைன் ஏத்தியிருந்தா பெரும்பாலும் பொழைச்சிருப்பாரு. நாலு மணிக்கு லேட்டு. அந்த ஆறு மணி நேரம்தான் டீச்சர் ஆளக் கொன்னது, டெங்கு இல்ல."

சொல்லிவிட்டுச் சூயிங்கத்தை அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு மாற்றினான். இருபது வயது. அவனுக்கு என்மேல் இரக்கம் இல்லை என்பதால்தான் தாங்க முடிந்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

எல்லாரும் போனபிறகு எடிவானியா நாற்காலிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். என்னை நேராகப் பார்க்கவில்லை. "அந்தப் பலகைக் கேள்விக்கு விடை கெடைக்கல டீச்சர். புத்தகத்துல இல்ல" என்றாள்.

ஜூன் 1, ஞாயிறு

இன்றும் வானிலை. இங்கே தூறல், அங்கே வெயில். வைத்துவிட்டாள்.

எழுதிவிடுகிறேன்.

பத்தேகால். அந்த வருடம் வேலைநிறுத்தத்தால் பாடம் பின்தங்கி, திருவிழாவுக்கு முந்தின நாளும் கல்லூரி இருந்தது. வகுப்பு நடுவில் போன். தாழ்வாரத்துக்கு வந்து எடுத்தேன். உள்ளே ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், கதவைத் திறந்து பிடித்தபடி நான் பேசுகிறேன்.

"நெய்டி, வயிறு பிசையுது."

"எவ்வளவு கஞ்சிகா தின்னே?" திருவிழாவுக்குக் கிளறிவைத்த சோளப் பால்களி அது.

"ஒரு சட்டி" என்றான். சிரித்தான்.

"உன் வயித்துல சோளம் வெளைஞ்சிருக்கும். காய்ச்சல்தான் விட்டுடுச்சில்ல? விரோசிதான், முடியற நேரத்துல இப்படித்தான் இருக்கும். படு, வரேன்."

இரண்டு நிமிடம்கூட இல்லை. டெங்குவா என்று ஒரு தடவை நினைப்பு வந்ததா? வந்தது என்று வைத்துக்கொண்டால் நான் என்ன மனுஷி? வரவில்லை என்றால் நான் என்ன டாக்டர்? இருபது வருடம் மற்றவர்களுக்குச் சொன்னேனே, காய்ச்சல் விட்டவுடன் கவனி கவனி என்று. மற்றவர்களுக்கு.

இன்னும் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்தது. நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆசிரியர்களுக்குத் திருவிழா விருந்து, அக்கார்டியன்காரர் வந்திருந்தார். ஆடினேன். ரெண்டு மணி நேரம் ஆடினேன், அவன் தரையில கெடக்கும்போது. யார் கூட ஆடினேன்னுகூட ஞாபகம் இல்ல. கட்டம்போட்ட பாவாடை கட்டியிருந்தேன், அதே பாவாடையோடதான் ஆம்புலன்ஸ்ல ஏறினேன்.

ஒரு வாரம் கழித்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கஞ்சிகாச் சட்டி அப்படியே இருந்தது. மேலே ஏடு கட்டி, பட்டை தூவினது தூவினபடி. ஒரு கரண்டி கை படவில்லை.

விளையாட்டுக்குத்தான் சொல்லியிருக்கிறான், ஒரு சட்டி என்று. எனக்குப் பயம் வரக்கூடாது என்று. நான் கேட்டதும் கேள்வியே இல்லை, எனக்கு வேண்டிய விடையை அவன் வாயில் வைத்தேன். எப்போதிலிருந்து, நிற்க முடிகிறதா, தலை சுற்றுகிறதா — முதலாண்டுப் பிள்ளைகள் கேட்பார்கள் இதை.

இதை யாருக்கும் சொல்லவில்லை. ஜுசாராவுக்கும் சொல்லவில்லை. "நாலு மணிக்குத்தான் பார்த்தேன்" என்றேன் ஆஸ்பத்திரி வாசலில். பொய் இல்லை அது. அதுதான் அதில் இருக்கிற கெட்டிக்காரத்தனம்.

ஜூன் 5, வியாழன்

திருத்திய தாளை ஓஸ்மாரிடம் கொடுத்தேன். ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: பத்தேகால் மணிக்கு ஜே. மனைவியைத் தொலைபேசியில் அழைக்கிறார். மனைவி ஒரு மருத்துவர். பேசியதையும் அப்படியே எழுதிவிட்டேன், கஞ்சிகா, விரோசி, எல்லாம். விருந்தையும்.

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "திருத்தம் நல்லாருக்கு. ஆனா கொஞ்சம் மிகையோ? இப்படி ஒரு டாக்டர் இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

பட்டியலில் குறித்துக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

காதலர் தினம். கடைத்தெரு முழுக்கச் சிவப்பு பலூன். ஜெனிவால் இந்த நாளில் எனக்குப் பூ வாங்கித் தந்ததே இல்லை. பேருந்துப் பிள்ளைகள் யாராவது பறித்துக் கொடுத்ததைக் கொண்டுவந்து, வாங்கினேன் என்பான்.

தாளை ஜுசாராவுக்கு அனுப்பினேன். 'புதுத் தாள் ஒன்று எழுதியிருக்கிறேன், படித்துப் பார்' என்று மட்டும். கோழைத்தனம்தான். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

பேசவில்லை. பத்தரையிலிருந்து போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். வானிலைகூட இல்லாமல் போய்விட்டது.

ஜூன் 19, வியாழன்

திருவிழா விடுமுறை தொடங்கியாயிற்று. தெருவில் எல்லா வாசலிலும் கட்டை அடுக்கிவிட்டார்கள். எங்கள் வாசல் இரண்டாவது வருடமாகக் காலி.

ஜூன் 22, ஞாயிறு

அவளிடமிருந்து ஒரு வரி: 'நாளை மதியம் பஸ்ஸில் வருகிறேன்.' 'அம்மா' இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று வந்தாள். மெலிந்திருக்கிறாள். பையை இறக்கிவைத்துவிட்டு, சமையலறை மேசையில் அவள் அப்பாவின் போனை எடுத்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் அவன் துணிகளோடு அவளிடம்தான் கொடுத்தார்கள். மூலையில் விரிசல் விட்ட அதே போன்.

"பத்து பதினாலு. ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு" என்றாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்மா."

உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு வருஷம். ஞாயிறு தவறாமல் மழை பெய்யுதா என்று கேட்டுக்கொண்டு, தெரிந்துகொண்டே.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீதானே சொல்லுவே? விடைய நாம சொல்லக்கூடாது, அவங்களே கண்டுபிடிச்சுச் சொல்லணும், அது வரைக்கும் வாயை மூடிட்டு உக்காந்திருக்கணும்னு. சின்ன வயசுல வீட்டுப்பாடத்துக்குக்கூட நீ விடை சொன்னதில்லையே. நானும் உக்காந்திருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டபோது என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் கையை நீட்டித் தடுத்தாள். "மன்னிக்க எனக்குத் தெரியல. வருமான்னும் தெரியல. நான் அதுக்கு வரல."

"பின்ன?"

"அந்தப் போன்ல அப்பா குரல் எப்படி இருந்துச்சு? கடைசியா பேசினது உங்கிட்டத்தான். ஆம்புலன்ஸ்ல அவருக்கு நெனவில்ல. ரெண்டு வருஷமா அது ஒண்ணுதான் எனக்கு வேணும். நீ ஒத்துக்கிட்டாத்தானே கேக்க முடியும்?"

இதை நான் நினைத்தே பார்த்ததில்லை. என் குற்றத்தையே கட்டிக்கொண்டு கிடந்தேன். அதற்குள் அவள் அப்பாவின் கடைசிப் பேச்சு இருக்கிறது, அது அவளுக்கும் சொந்தம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

சொன்னேன். வழக்கமான குரல்தான், கொஞ்சம் மூச்சு வாங்கினாற்போல. பின்னால் ரேடியோ பாடியது. ஒரு சட்டி என்று சொல்லிச் சிரித்தான். நான் 'வரேன்' என்றதும், 'வரும்போது பட்டை வாங்கிட்டு வா' என்றான். அதைத் தாளில்கூட எழுதவில்லை, இப்போது சொல்லும்போதுதான் ஞாபகம் வந்தது.

"பட்டையா?"

"ஆமா. கஞ்சிகால போதலையாம்."

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் தொடவில்லை. தொடலாமா என்று தெரியவில்லை. வெளியே பிள்ளைகள் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை இருவரும் கல்லறைக்குப் போனோம், ஒன்பது மணிக்கு. திரும்பி வந்து சூப் சாப்பிட்டாள், இரண்டாவது கரண்டியும் கேட்டாள்.

ஜூன் 26, வியாழன்

கிளம்பிவிட்டாள். போனை எடுத்துக்கொண்டு போகிறாள். பஸ் படியில் ஏறியபிறகு, "ஞாயித்துக்கிழமை பேசறேன்" என்றாள். பஸ் திரும்பும்வரை நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பேசினாள். மழை பற்றிக் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பின்னால் ரேடியோவில் என்ன பாட்டு என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. யோசித்துப் பார் என்றாள். ஐந்து நிமிடம் தாண்டியும் இருவரும் வைக்கவில்லை.

சாயங்காலம் சந்தையில் பத்துச் சோளக்கதிர் வாங்கி வந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. துருவும்போது விரல் முட்டியையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன். கை பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

நான்காம் குழுவுக்குக் கடைசி வகுப்பு. சோளக் கேக்கை மேசை நடுவில் வைத்தேன். ஓரம் கொஞ்சம் தீய்ந்திருந்தது.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "யாரு டீச்சர் அபராதம்?" என்றான் அடெயில்டன். "நான் இல்லப்பா. ஏப்ரலுக்கப்புறம் சொல்லவே இல்ல."

"நான்தான் சொன்னேன்."

"நீங்களா? எப்போ?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. ஜூன் இருவத்திமூணு. காலைல பத்தேகாலுக்கு, போன்ல."

பலகையில் எழுதும் பெண்ணின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. கடைசியாகப் புரிந்தது அடெயில்டனுக்குத்தான். சிரிக்கப் போன வாய் பாதியில் மூடிக்கொண்டது. 'ஆளக் கொன்னது' என்று தான் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும், காது மடல்வரை சிவந்துவிட்டான். நீ சொன்னது சரி என்றேன். பதினோரு வருடத்தில் ஒரு மாணவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

எடிவானியா எழுந்து வந்து கத்தியை என் கையிலிருந்து வாங்கி, கேக்கை வெட்டத் தொடங்கினாள்.

தன் துண்டைக் கையில் வாங்கிய அடெயில்டன், மார்ச்சில் இருந்த குரலே இல்லை அது, "ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டான்.

நீ என்ன நினைக்கிறே என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.